வாசகர் கேள்வி: இரண்டு மானாவுக்கு இவ்வளவா?

கேள்வி: மேஜிக் தி கேதரிங் என்ற அட்டை ஆட்டத்துக்கு நானே ஒரு பச்சை அட்டை வடிவமைத்தேன். இறக்க 2 மானா (அட்டைக்கு விலையாகச் செலவிடும் மந்திர சக்தி), 2/2 உயிரினம் (தாக்கும் பலம் 2, தாங்கும் பலம் 2). களத்தில் இறங்கியதும் இரண்டு அட்டை எடுக்கலாம். கூட ஆடுபவர்கள் ஒத்துக்கொள்ள மறுக்கிறார்கள். எதைக் குறைப்பது?

பதில்: அவர்கள் சொல்வது சரிதான். ஆட்டத்தில் ஏற்கெனவே உள்ள அட்டைகளோடு ஒப்பிடுங்கள். 'கிரிஸ்லி பேர்ஸ்' 2 மானாவுக்கு வெறும் 2/2 மட்டுமே. இரண்டு அட்டை எடுக்க மட்டும் 'டிவினேஷன்' 3 மானா கேட்கிறது. ஆக, 5 மானா வேலையை உங்கள் அட்டை 2 மானாவில் முடித்துவிடுகிறது. கைக்குத் திருப்பி மறுபடி இறக்கினால் இன்னும் இரண்டு அட்டை! 'எல்விஷ் விஷனரி' அதே 2 மானாதான். ஆனால் 1/1, ஒரே அட்டை. 2/2 கட்டாயம் வேண்டுமென்றால் 3 மானா, ஒரு அட்டை என்று வையுங்கள்.

அச்சடிக்க அவசரப்படாதீர்கள். 63×88 மி.மீ. துண்டுத்தாளில் பென்சிலால் எழுதி, அட்டை போடும் பிளாஸ்டிக் உறைக்குள் பழைய அட்டையின் முன்னால் செருகி ஆடிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது கெடுத்தது என்றே தெரியாது.