ஐந்தாவது டவுன்

அன்புள்ள ஐயா,

என் மகன் போல்டரில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சனிக்கிழமை வந்தால் அமெரிக்கன் ஃபுட்பால்தான், புத்தகத்தைத் தொடுவதில்லை. அவனோடு உட்கார்ந்து நானும் பார்க்கப் பழகிவிட்டேன். 1990 சீசனில் எங்கள் டீம் மிசூரியை ஐந்தாவது டவுனில், அதாவது விதிப்படி நான்கே முயற்சிகள் இருக்க நடுவர் தவறிக் கொடுத்த ஐந்தாவது முயற்சியில், ஜெயித்ததை இன்னமும் குத்திக்காட்டுகிறார்களாம். நடுவர் செய்த தப்புக்கு டீம் என்ன செய்யும்? ஜெயித்ததைத் திருப்பிக் கொடுப்பார்களா யாராவது? விதியிலும் அதற்கு இடமில்லையே. அடுத்த வருஷத்துக்கு சீசன் டிக்கெட் கேட்கிறான். வாங்கித் தரலாமா?

ச., டென்வர்

அன்புள்ள ச.,

கொடுத்திருக்கிறார்கள். 1940 நவம்பர் 16, டார்ட்மத் கல்லூரி இருக்கும் ஹானோவர், பனி பெய்த மைதானம். டார்ட்மத் 3-0 என முன்னிலையில் இருந்தது. எதிரே கார்னெல் பல்கலைக்கழகம், 18 ஆட்டங்களாகத் தோற்காத டீம். அந்த சீசனில் சில வாரங்கள் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. கடைசி விநாடிகளில் கோல் கோட்டருகே நான்கு வாய்ப்புகளும் முடிந்துவிட்டன. கணக்கைத் தவறவிட்ட நடுவர் ரெட் ஃப்ரீசல் ஐந்தாவதாக ஒன்றைக் கொடுத்தார். அதில் டச் டவுன், அதாவது பந்து கோல் கோட்டைக் கடந்தது. 7-3, கார்னெலுக்கு வெற்றி.

கார்னெல் கோச் கார்ல் ஸ்னேவ்லி ஆட்டங்களைப் படம் பிடித்து வைப்பவர். அந்தச் சுருளைப் போட்டுப் பார்த்து எண்ணினார்கள். ஐந்துதான். ஃப்ரீசலும் தன் தவற்றை ஒப்புக்கொண்டார். ஆனால் முடிவை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. நீங்கள் சொல்லும் அதே 'விதியில் இடமில்லை' அன்றைக்கும் இருந்தது. கார்னெல் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. வெற்றி உங்களுக்கே என்று திங்கட்கிழமையே டார்ட்மத்துக்குத் தந்தி போனது. இன்றும் பதிவில் இருப்பது டார்ட்மத் 3, கார்னெல் 0. அடுத்த ஆட்டத்தில் பென்சில்வேனியாவிடமும் 22-20 என்று தோற்றார்கள். பிரமாதமாகத் தொடங்கிய சீசன் ஆறு வெற்றி, இரண்டு தோல்வி என்று முடிந்தது. நல்லது செய்தவனுக்கு உடனே கூலி கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

இப்போது உங்கள் 1990. அக்டோபர் 6, மிசூரியின் கொலம்பியா நகரம். மிசூரி 31-27. கொலராடோவுக்குக் கோல் கோடு மூன்று கெஜ தூரம். முதலில் பந்தைத் தரையில் அடித்து கடிகாரத்தை நிறுத்துகிறார்கள், அதுவும் ஒரு டவுனாகக் கணக்கு. அப்புறம் கொலராடோ ஆட்டக்காரர் பியெனிமி பந்தோடு ஓடுகிறார், தடுக்கப்படுகிறார். டைம் அவுட். இங்கேதான் எத்தனையாவது டவுன் என்று காட்டும் பலகையை மாற்ற மறந்துபோகிறார்கள். மறுபடி பியெனிமி, மறுபடி தடுப்பு. அடுத்து மீண்டும் பந்தைத் தரையில் அடிக்கிறார்கள். உண்மையில் அதுவே நான்காவது. ஆட்டம் அங்கே முடிந்திருக்க வேண்டும். பலகை 'மூன்று' என்கிறது. மிச்சமிருந்த இரண்டு விநாடியில் கொலராடோவின் சார்லஸ் ஜான்சன் புகுந்து 33-31. அவர் கோட்டைத் தொட்டாரா என்பதே இன்னும் சண்டை, அதை விடுங்கள்.

பையன்கள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. பலகை சொன்னதை நம்பி ஆடினார்கள். கோபம் பெரியவர்கள் மேல்தான். கோச் பில் மெக்கார்ட்னி, தானே மிசூரிக்கு ஆடியவர், தரை வழுக்கியதைப் பற்றிப் பேசினார். இரண்டு டீம்களும் ஆடிய போட்டித் தொடரின் பிக் எய்ட் அமைப்பு நடுவர்களை சஸ்பெண்ட் செய்தது, வெற்றியை அப்படியே விட்டது. கடைக்காரர் தவறிக் கூடுதலாகக் கொடுத்த சில்லறையைப் பையில் போட்டுக்கொண்டு, அவருக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்லும் ஆளை உங்கள் வீட்டுக்குள் விடுவீர்களா? 'நடுவர் தப்புக்கு டீம் என்ன செய்யும்' என்று எழுதுகிறீர்களே, டீம் என்ன செய்யலாம் என்று அதற்கு ஐம்பது வருஷத்துக்கு முன்பே ஒரு டீம் செய்து காட்டியிருக்கிறது! தெரியாதது குற்றமில்லை. யாரும் செய்யமாட்டார்கள் என்று அடித்துச் சொல்வது குற்றம்.

அந்த சீசனில் கொலராடோவுக்குப் பதினொரு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு டிரா. ஏபி செய்தி நிறுவனத்தின் வாக்கெடுப்பில் அவர்கள்தான் நாட்டின் சாம்பியன். கோச்சுகள் வாக்களித்த இன்னொரு செய்தி நிறுவனமான யுபிஐயின் பட்டியலில் ஜார்ஜியா டெக் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் முந்தியது. அந்த ஒரு புள்ளிக்கு ஐந்தாவது டவுன்தான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

படிப்பு விஷயம் உங்கள் வீட்டு விவகாரம், நான் தலையிடவில்லை. டிக்கெட்டா? தாராளமாக வாங்கிக் கொடுங்கள், உங்களுக்கும் சேர்த்து. சனிக்கிழமை மகனுடன் உட்காரக் கிடைப்பது எத்தனை அப்பாக்களுக்கு வாய்க்கிறது! ஆனால் 1990 பேச்சு வரும்போது 'விதியில் இடமில்லை' என்று மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள்.