ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணி 2022இல் வென்ற வேர்ல்டு சீரீஸ் (அமெரிக்க மேஜர் லீகின் இறுதித் தொடர்) கோப்பை, 2017ஆம் ஆண்டுக் கோப்பையின் கறையைப் போக்கிவிட்டதா?

போக்கவில்லை என்பதே என் பதில். ஹூஸ்டனில் பல ஆண்டுகளாக வசிக்கும் ஆஸ்ட்ரோஸ் ரசிகன் நான் என்பதால் இதில் கொஞ்சம் சாய்வு தென்படலாம். அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்களுக்காக முதலில் விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பரைப் போலப் பேட்டருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர், அடுத்து எந்த வகைப் பந்தை வீச வேண்டும் என்று பிட்சருக்கு விரல்களால் சைகை காட்டுவார். இரண்டாம் பேஸில் நிற்கும் எதிரணி வீரர் அந்தச் சைகையைத் தன் கண்ணால் படித்துத் தன் பேட்டருக்குக் குறிப்பால் உணர்த்தினால் அது ஆட்டத்தின் சாமர்த்தியம்; கேமராவையும் திரையையும் வைத்துப் படித்தால் அது குற்றம். 2017இல் ஆஸ்ட்ரோஸ் வீரர்கள் தங்கள் சொந்த மைதானத்தில், சென்டர் ஃபீல்டு கேமரா அனுப்பும் படத்தை வீரர்கள் அமரும் டக்அவுட்டுக்குப் பின்னாலிருந்த நடைவழியில் ஒரு திரையில் பார்த்து, மெதுவாகவோ வளைந்தோ வரும் பந்து என்றால் பக்கத்திலிருந்த குப்பைத் தொட்டியை ஓங்கித் தட்டினார்கள். சத்தம் வரவில்லையென்றால் வேகப்பந்து. இவ்வளவுதான் அந்தத் தொழில்நுட்பம். அந்த ஆண்டு அணியிலிருந்த பிட்சர் மைக் ஃபையர்ஸ் 2019 நவம்பரில் தன் பெயரைச் சொல்லியே இதை வெளியிட்ட பிறகு விசாரணை நடந்தது. 2020 ஜனவரி 13 அன்று அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதமும், புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டு ஆண்டுகளின் முதலிரு சுற்று வாய்ப்புகள் பறிப்பும், மேலாளர் ஏ. ஜே. ஹின்ச்சுக்கும் பொது மேலாளர் ஜெஃப் லூனோவுக்கும் ஓராண்டுத் தடையும் விதிக்கப்பட்டன. அன்றே உரிமையாளர் ஜிம் கிரேன் இருவரையும் வேலையை விட்டு நீக்கினார். உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை என்ற வாக்குறுதியோடு விசாரிக்கப்பட்ட வீரர்கள் தப்பினார்கள். கோப்பையும் ஹூஸ்டனிலேயே இருந்தது.

எங்கள் ஊர் ரசிகர்கள் அன்றிலிருந்து ஒரு கணக்கைச் சொல்லி வாதாடுவார்கள். நானும் பல விருந்துகளில் தட்டை ஏந்தியபடியே அதைச் சொல்லியிருக்கிறேன். 2017 லீக் ஆட்டங்களில் சொந்த மைதானத்தில் 48 வெற்றி, 33 தோல்வி. வெளியூர் மைதானங்களில், அதாவது குப்பைத் தொட்டி இல்லாத இடங்களில், 53 வெற்றி, 28 தோல்வி. தட்டியதால் என்ன லாபம் என்று கேட்டுவிட்டு வெற்றிப் புன்னகை பூப்போம். ஒருநாள் என் அலுவலக நண்பர், 2017 வேர்ல்டு சீரீஸில் எங்களிடம் தோற்ற டாட்ஜர்ஸின் ரசிகர், லீக் ஆட்டங்களுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளின் கணக்கை எடுத்து என் முன் வைத்தார்: சொந்த மைதானத்தில் 8 வெற்றி, 1 தோல்வி, வெளியூரில் 3 வெற்றி, 6 தோல்வி. அத்துடன் நான் அந்த வாதத்தைக் கைவிட்டேன். வேண்டியதை எடுத்து, வேண்டாததை விட்டுச் சொல்லும் கணக்கு அது.

ஆனால் என் மனத்தை மாற்றியது இந்தக் கணக்குகள் அல்ல, ஒரு பழைய ஒளிப்பதிவு. 2017 செப்டம்பர் 21 அன்று சிகாகோ ஒயிட் சாக்ஸ் பிட்சர் டேனி ஃபார்க்கார் பந்துவீசும் காட்சியைச் செவிக்கருவி மாட்டிக்கொண்டு கேட்டேன். கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே 'டம்' என்றொரு சத்தம், உடனே மெதுவான பந்து. மறுபடி 'டம்', மறுபடி மெதுவான பந்து. ஃபார்க்கார் பந்துவீசும் மேட்டை விட்டு இறங்கி, கேட்சரை அழைத்துச் சைகைகளை மாற்றுகிறார். அவர் முகத்தில் கோபத்தைவிடத் திகைப்பே தெரிந்தது. அதே பருவத்தில் நானும் அரங்கில் உட்கார்ந்து பல ஆட்டங்கள் பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தம் என் காதிலும் விழுந்திருக்க வேண்டும், ஏதோ ரசிகர் ஆரவாரம் என்று விட்டிருப்பேன்.

2017 வெறும் விளையாட்டு ஆண்டாக இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. ஆகஸ்ட் இறுதியில் ஹார்வி புயல் ஊரை மூழ்கடித்தது. எங்கள் தெருவில் நனைந்த மெத்தைகளும் சுவர்ப் பலகைகளும் வாரக்கணக்கில் குவிந்து கிடந்தன. வீரர்கள் 'ஹூஸ்டன் ஸ்ட்ராங்' என்ற சின்னத்தை மார்பில் அணிந்து ஆடி நவம்பர் 1 அன்று முதல் கோப்பையை வென்றபோது, வீட்டை இழந்தவர்கள்கூட வெற்றி ஊர்வலத்துக்கு வந்து அழுதார்கள். அந்த அழுகை பொய்யல்ல. அதனால்தான் அந்த ஏமாற்று எங்களுக்கும் செய்யப்பட்டது என்கிறேன்.

2022 வேறு கதை. 106 வெற்றிகளோடு பிளேஆஃபுக்குள் நுழைந்த அணி, சியாட்டிலை 3-0 என்றும் யாங்கீஸை 4-0 என்றும் துடைத்தெறிந்தது. சியாட்டிலுடன் நடந்த மூன்றாவது ஆட்டம் வழக்கமான ஒன்பது இன்னிங்ஸைத் தாண்டி 18 இன்னிங்ஸ் நீண்டு, ஜெரமி பெனியா அடித்த ஒரே ஹோம் ரன்னில் (கிரிக்கெட்டின் சிக்ஸரைப் போன்றது) முடிந்தது. வேர்ல்டு சீரீஸின் மூன்றாவது ஆட்டத்தில் ஃபிலடெல்ஃபியா ஐந்து ஹோம் ரன் அடித்து 7-0 என்று நொறுக்கியபோது நான் பாதியிலேயே தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன். மறுநாள் அதே மைதானத்தில் கிறிஸ்டியன் ஹாவியேரும் அவரைத் தொடர்ந்த மூவரும் ஒரு ஹிட்கூட (பேட்டர் பந்தை அடித்துப் பேஸை எட்டுவது) விட்டுக்கொடுக்கவில்லை. வேர்ல்டு சீரீஸில் 1956க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. ஆறாவது ஆட்டத்தில் யோர்டான் ஆல்வாரெஸ் அடித்த பந்து 450 அடி பறந்தது. 73 வயதில் டஸ்டி பேக்கர் மேலாளராகத் தன் முதல் கோப்பையைத் தூக்கினார். மொத்தம் 11 வெற்றி, 2 தோல்வி.

அந்த இரவு எங்கள் ஊரில் "இனி யாரும் வாய் திறக்க முடியாது" என்பதே எல்லோர் பேச்சும். அங்கேதான் நான் உடன்படவில்லை. 2017இன் குற்றம் மட்டையாட்டத்தைச் சேர்ந்தது. 2022இன் வெற்றியோ பெரும்பாலும் பந்துவீச்சால் வந்தது. அந்த பிளேஆஃபில், தொடக்கப் பிட்சருக்குப் பின் வரும் மாற்று பிட்சர்கள் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 0.83 ரன் மட்டுமே கொடுத்தார்கள். கேட்சர்கள் பொத்தானை அழுத்திப் பிட்சரின் தொப்பிக்குள் ஒலியாகச் சைகை அனுப்பும் பிட்ச்காம் கருவியும் அந்த ஆண்டே வந்துவிட்டது. 2017 வீரர்களில் அல்டூவே, பிரெக்மன், குரியெல், மெக்கல்லர்ஸ், வெர்லாண்டர் ஆகிய ஐவரே எஞ்சியிருந்தார்கள். வேறு ஆட்கள் வேறு திறமையால் வென்றதை வைத்து, பழைய அணி குப்பைத் தொட்டி இல்லாமலும் வென்றிருக்கும் என்று எப்படி நிரூபிப்பது?

2017 கோப்பையைப் பறித்திருக்க வேண்டுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். டாட்ஜர்ஸுக்குத் தபாலில் அனுப்பினால் அவர்களுக்கே அது இனிக்காது. டொரொண்டோ அணியின் பிட்சர் மைக் போல்சிங்கரை நினைத்துப் பாருங்கள்: 2017 ஆகஸ்ட் 4 அன்று ஹூஸ்டனில் ஒரு இன்னிங்ஸின் மூன்றில் ஒரு பங்குதான், அதாவது ஒரே ஒரு அவுட் வரைதான், வீசினார், 29 பந்துகளில் நான்கு ரன் கொடுத்தார், அதற்குப் பிறகு மேஜர் லீகில் அவர் பந்துவீசவே இல்லை. பின்னர் அவர் தொடுத்த வழக்கில், அணி அந்தப் பிளேஆஃபில் பெற்ற ஏறத்தாழ 3.1 கோடி டாலர் ஊக்கத்தொகையைக் குழந்தைகளுக்கான அறப்பணிகளுக்கும், வறுமையில் வாடும் முன்னாள் வீரர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். வழக்கு அவருக்குச் சாதகமாக முடியவில்லை. எங்கள் அணி அதைத் தானாகவே கொடுத்திருந்தால், 2022 ஊர்வலத்தில் நான் இன்னும் உரக்கக் கத்தியிருப்பேன்.