மேட்டூர் திறப்பதற்குள் குளம் தூர்வார வேண்டுமானால் ஐப்பசியிலேயே கடிதம் போக வேண்டும்

கேள்வி: நன்னிலம் வட்டாரத்தில் எங்கள் ஊர். ஏழெட்டுக் கிலோமீட்டர் தொலைவில் ஒரு பெரிய நிறுவனம் இயங்குகிறது. ஆண்டுதோறும் மார்ச் மாதம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எங்களுக்கு உண்மையில் வேண்டியது ஊர்க்குளத்தையும் அதன் வரத்து வாய்க்காலையும் தூர்வாரிக் கொடுப்பதுதான். நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சி.எஸ்.ஆர். நிதியில் அதைக் கேட்பது எங்கள் உரிமையா? இதற்காக இளைஞர்கள் சேர்ந்து ஓர் அறக்கட்டளை பதிவு செய்ய வேண்டுமா? கோயில் குடமுழுக்குக்கும் இதே நிதியைக் கேட்கலாம் என்று சிலர் சொல்கிறார்களே, சரியா?

பதில்: குடமுழுக்கை முதலில் முடித்துவிடுகிறேன். அதற்கு இந்த நிதியைக் கேட்க முடியாது. எந்தெந்தப் பணிகளுக்குச் செலவிடலாம் என்று கம்பெனிகள் சட்டத்தின் 7ஆம் அட்டவணை சொல்கிறது. குடிநீர், சுகாதாரம், கல்வி, வாழ்வாதாரம், மண்ணும் நீரும் கெடாமல் காப்பது, ஊரக மேம்பாடு, பேரிடர் உதவி என்று அது நீள்கிறது. வழிபாட்டுச் சடங்கு அதில் இல்லை. ஆனால் வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களைப் புதுப்பிப்பதும் மரபுக் கலைகளையும் கைவினைகளையும் காப்பதும் இருக்கின்றன. சுவாமிமலை வார்ப்புச் சிற்பிகளுக்காகவோ நரசிங்கன்பேட்டை நாகசுரக் கைவினைஞர்களுக்காகவோ ஒரு திட்டம் எழுதினால் அதற்கு இடமுண்டு. கோயில் குளத்தைத் தூர்வாருவதையும் நீர்நிலைப் பணியாகக் கேட்கலாம். குடமுழுக்கையும் குளத்தையும் மட்டும் ஒரே தாளில் எழுதாதீர்கள். இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

இனி உரிமை. கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சராசரி லாபம் 50 கோடி என்றால் 1 கோடி. அதுவும் நாடு முழுவதற்கும் சேர்த்து. தான் இயங்கும் பகுதிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஊர்க்காரர்கள் பலர் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாதிடுகிறார்கள். கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட விளக்கத்தில், இது வழிகாட்டும் விதிதான், கட்டாயம் இல்லை என்று எழுதிவிட்டது. செலவிடும் கடமை நிறுவனத்துக்கு இருக்கிறது. இன்ன ஊருக்குத் தந்தாக வேண்டும் என்று கேட்கும் சட்ட உரிமை எந்த ஊருக்கும் இல்லை. ஆகவே நன்றாகத் தயாரித்த கோரிக்கைதான் உங்கள் பலம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் இது அடிக்கடி குழம்பிப்போகிறது. சி.எஸ்.ஆர். வேறு, இழப்பீடு வேறு. 2017இல் கதிராமங்கலத்தில் நடந்தது போல எண்ணெய்க் குழாய் கசிந்து வயல் கெட்டால், அதைச் சீர்செய்வதும் நஷ்டஈடு தருவதும் நிறுவனத்தின் தனிப் பொறுப்பு. வேறு சட்டங்களின்படி செய்தே ஆக வேண்டிய எதையும் சி.எஸ்.ஆர். கணக்கில் எழுதக் கூடாது என்று விதியே இருக்கிறது. "உங்கள் ஊருக்குச் சமுதாயக் கூடம் கட்டித் தருகிறோம், இந்தப் புகாரை முடித்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கெட்டது ஒருவருடைய வயல். கூடம் ஊருக்குப் பொது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

அறக்கட்டளை வேண்டாம். நிறுவனம் இந்தப் பணத்தை வெளி அமைப்பு ஒன்றின் வழியாகச் செலவிட வேண்டுமானால், அந்த அமைப்புக்கு வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகளும், சி.எஸ்.ஆர்.-1 படிவம் தந்து பெற்ற பதிவு எண்ணும், குறைந்தது மூன்று ஆண்டுப் பணி அனுபவமும் இருக்க வேண்டும். இன்று பதிவு செய்யும் அறக்கட்டளை மூன்று ஆண்டுகள் காத்திருந்தாக வேண்டும். அதற்குள் உங்கள் குளத்தில் இன்னும் மூன்று ஆண்டு வண்டல் சேர்ந்துவிடும். நிறுவனம் தானே நேரடியாகவும் பணியைச் செய்யலாம். அனுபவமுள்ள தொண்டு நிறுவனத்தை அமர்த்தியும் செய்யலாம். நீங்கள் கோரிக்கையாளராக இருந்தால் போதும்.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்றுக்கு இப்போது வருகிறேன். உங்கள் ஊருக்கு ஏன் நோட்டும் பையும் மட்டும் வருகின்றன? அதுவும் ஏன் மார்ச்சில்? நிதியாண்டு மார்ச் 31 அன்று முடிகிறது. நடந்துகொண்டிருக்கும் திட்டம் எதற்கும் ஒதுக்கப்படாமல் மிஞ்சிய பணத்தை, அடுத்த ஆறு மாதத்துக்குள் பிரதமர் நிவாரண நிதி போன்ற ஒன்றுக்கு மாற்றிவிட வேண்டும். அப்படிப் போனால் நிறுவனத்தின் உள்ளூர்ப் பிரிவுக்குக் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. எனவே மாசி, பங்குனியில் எதை வாங்கினால் பில் சீக்கிரம் வருமோ அதை வாங்குகிறார்கள். நோட்டு, பை, தையல் இயந்திரம், மேசை நாற்காலி. அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆறு மாதம் முன்னதாகவே யாராவது ஒரு நல்ல திட்டத்தைக் கையில் கொடுத்திருந்தால், அந்த அலுவலரே மகிழ்ச்சியோடு அதை மேலே அனுப்பியிருப்பார். இப்படிப்பட்ட அலுவலர்கள் பலரோடு களப்பணியாளனாக நான் வேலை பார்த்திருக்கிறேன். தலைமையகத்துக்கு அனுப்ப அவர்கள் கையில் தாளே இல்லை என்பதுதான் பெரும்பாலும் சிக்கல்.

குளம் என்றால் இந்தக் காலச் சிக்கல் இரட்டிப்பாகிறது. மேட்டூர் அணை திறப்புக்கு வழக்கமான நாள் ஜூன் 12. தூர்வார உகந்தது அதற்கு முந்தைய சித்திரையும் வைகாசியும்தான். ஆனால் நிறுவனத்தின் புதிய ஆண்டு ஏப்ரலில்தான் பிறக்கிறது. ஆண்டுச் செயல்திட்டத்தை இயக்குநர் குழு ஏற்று, பணம் கீழே இறங்குவதற்குள் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும். பிறகு அடுத்த கோடைதான். இதைத் தாண்ட ஒரு வழி இருக்கிறது. சட்டத்தில் 'தொடர் திட்டம்' என்று ஒரு வகை உண்டு. ஓராண்டில் தொடங்கி, அதற்குப் பின் மூன்று நிதியாண்டுகள் வரை நடக்கலாம். செலவாகாத தொகையை ஏப்ரல் இறுதிக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டுவைத்துச் செலவிடலாம். உங்கள் கடிதத்தில் "இதைத் தொடர் திட்டமாக ஏற்க வேண்டுகிறோம்" என்ற வரி இருக்கட்டும். முதல் ஆண்டில் அளவீடும் மதிப்பீடும் வரத்து வாய்க்காலும், அடுத்த கோடையில் குளமும் என்று பிரித்துக் கொடுங்கள்.

ஆக, உங்கள் நாள்காட்டி இப்படி அமைய வேண்டும். வரும் மே மாதத்தில் குளம் வற்றிக் கிடக்கும்போதே படம் எடுத்து வையுங்கள். கார்த்திகையில் பார்வையிட வரும் அதிகாரியின் கண்ணுக்கு நிறைந்த குளம்தான் தெரியும். "நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். அது தவறினால் நவம்பர் 1 இருக்கிறது. ஐப்பசி முடிவதற்குள் கடிதம் நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தை, மாசியில் ஒப்புதல் வந்தால் சித்திரையில் இயந்திரம் இறங்கும்.

அடுத்தது, பராமரிப்பு. என்னை இன்றும் உறுத்தும் ஓர் ஊரைச் சொல்கிறேன். வேதாரண்யம் பக்கம், உப்புத் தண்ணீர் ஊர். ஒரு நிறுவனம் நல்ல மனத்தோடு ஆர்.ஓ. குடிநீர் நிலையம் கட்டிக் கொடுத்தது. அந்தப் பணியில் நானும் இருந்தேன். திறப்பு விழா நாளில் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. மின் கட்டணம் யார் கட்டுவது என்று நாங்கள் எழுதி வைக்கவில்லை. வடிகட்டும் சவ்வு சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியது. அந்தச் செலவு யாருடையது என்றும் எழுதவில்லை. வெளியேறும் உப்புக் கழிவுநீரை எங்கே விடுவது என்று யோசிக்கவே இல்லை. அது பக்கத்து வாய்க்காலில் போய், கீழே இருந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். இரண்டாம் கோடையில் கதவுக்குப் பூட்டு விழுந்தது. தவறு நிறுவனத்துடையது மட்டும் இல்லை. ஊரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காத நாங்களும் அதற்குப் பொறுப்பு.

2021 ஜனவரியில் திருத்திய விதிகளின்படி, சி.எஸ்.ஆர். நிதியில் உருவாகும் சொத்தை நிறுவனம் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. அரசு அமைப்பு, தகுதியுள்ள தொண்டு அமைப்பு, சுய உதவிக் குழு போன்ற பயனாளிகளின் கூட்டமைப்பு ஆகியவற்றில் ஒன்றின் கையில்தான் அது இருக்க வேண்டும். எனவே "யார் வைத்துக்கொள்வது, யார் பார்த்துக்கொள்வது?" என்ற கேள்வி நிறுவனத்தின் தணிக்கையிலும் எழும். அதற்குப் பதிலை நீங்களே முந்திக்கொண்டு எழுதித் தந்தால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் குளம் யாருடையது என்று முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள நில விவரப் பதிவேடான 'அ' பதிவேட்டைப் பாருங்கள். ஊராட்சியுடையது என்றால் ஊராட்சித் தலைவரோ தனி அலுவலரோ ஒப்புதல் தர வேண்டும். கோயிலுடையது என்றால் அறநிலையத் துறை. வரத்து வாய்க்கால் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருந்தால் அவர்களுடைய அனுமதி தனியாக வேண்டும். அது இல்லாமல் எந்த நிறுவனமும் மண்வெட்டியைத் தொடாது. புல எண், பரப்பு, பயன்பெறும் குடும்பங்கள், பொறியாளர் கையெழுத்திட்ட மதிப்பீடு, தீர்மான நகல், வற்றிய குளத்தின் படங்கள். இவை போதும். ஊரின் பெருமையைப் பற்றிய பக்கங்களை எடுத்துவிடுங்கள்.

தூர்வாருவதிலும் சில நுணுக்கங்களைத் தாளில் ஏற்றுங்கள். எடுக்கும் வண்டல் எங்கே போகிறது என்பது தீர்மானத்தில் இருக்கட்டும். உரிய அனுமதியோடு உள்ளூர் வயல்களுக்கும் கரையைப் பலப்படுத்தவும் போனால் நல்லது. இல்லையென்றால் இரவில் செங்கல் சூளைக்குப் போகும். அதற்காகவே குளத்தை வேண்டியதற்கு மேல் தோண்டுவார்கள். கடலோரம் நெருங்க நெருங்க, ஆழம் கூடினால் உவர்நீர் மேலே வரும் ஆபத்தும் இருக்கிறது. நிறுவனம் குளத்தை மட்டும் தூர்வார விரும்பும், ஏனென்றால் குளம்தான் படத்தில் அழகாக விழும். நெய்வேலிக் காட்டாமணக்கு அடைத்துக் கிடக்கும் வரத்து வாய்க்காலும், மழைக்காலத்தில் சம்பாப் பயிர் மூழ்காமல் காக்கும் வடிகாலும் இல்லாமல் குளம் மட்டும் ஆழமாக இருந்து பயனில்லை. மூன்றையும் ஒரே திட்டமாகக் கேளுங்கள். பலகை வைக்க வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளட்டும்.

கடிதம் எழுதுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். குளமும் வாய்க்காலும் நிலம் உள்ளவர்களின் தேவை. உங்கள் ஊரில் நிலமில்லாத விவசாயக் கூலிக் குடும்பங்கள் ஒரு தெருவில் இருப்பார்கள். கழிப்பறையோ மழைநீர் வடியும் கால்வாயோ இல்லாமல் அந்தத் தெருப் பெண்கள் என்ன பாடு படுகிறார்கள் என்று அவர்களிடமே உட்கார்ந்து கேளுங்கள். நான் பார்த்த டெல்டா ஊர்க் கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றில் அந்தத் தெரு ஒரு வரியாகக்கூட இல்லை. ஊர்க் கமிட்டியில் அவர்கள் இல்லாததுதான் காரணம். உங்கள் தாளிலாவது அது இரண்டாவது கோரிக்கையாக இடம்பெறட்டும். குளத்தின் படித்துறை ஒன்று அவர்கள் பக்கமும் இருக்கட்டும்.

யாரிடம் கொடுப்பது? நிறுவனத்தின் உள்ளூர்ப் பிரிவில் சி.எஸ்.ஆர். அல்லது மனிதவளப் பொறுப்பாளரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒரு நகல் தலைமையகத்துக்கு, இன்னொரு நகல் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியருக்கு. நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். கொள்கையும், குழு உறுப்பினர் விவரமும், இயக்குநர் குழு ஏற்ற திட்டங்களும் அதன் இணையதளத்தில் இருந்தாக வேண்டும் என்பது விதி. முதலில் அதைப் படித்து, அவர்கள் பயன்படுத்தும் சொல்லிலேயே உங்கள் கோரிக்கையை எழுதுங்கள். பொதுத்துறை நிறுவனம் என்றால், உங்கள் மாவட்டத்தில் எங்கே எவ்வளவு செலவிட்டார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

ஆலை வாசல் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். தனியார் வங்கிகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். 1904இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி கும்பகோணத்தையே தலைமையிடமாகக் கொண்டது. கரூர் வைசியா வங்கிக்குக் கரூர்தான் தலைமையிடம். பள்ளிக்கு வகுப்பறையோ கழிப்பறையோ வேண்டும் என்றால், தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகத் தலைமையாசிரியரைக் கேட்கச் சொல்லுங்கள்.

இடையில் ஒருவர் வருவார். "சி.எஸ்.ஆர். நிதி வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள்" என்பார். ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நிதி தரும் நிறுவனம் பயனாளியிடம் பணம் கேட்காது. கேரளத்தில் சி.எஸ்.ஆர். பெயரைச் சொல்லிப் பாதி விலைக்கு ஸ்கூட்டர் தருவதாகப் பணம் வசூலித்த மோசடி 2025இல் வெளிவந்தது. ஏமாந்தவர்களில் மிகப் பலர் பெண்கள்.

மறுத்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு இடம் இல்லை. என்ன காரணம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொகை அதிகம் என்றால், வரத்து வாய்க்காலை மட்டும் முதல் கட்டமாக வைத்துத் திருத்துங்கள். அனுமதி இல்லை என்றால், அந்த அனுமதியை வாங்குவதற்கு உங்களுக்கு ஓராண்டு கிடைத்திருக்கிறது. தீர்மானம், மதிப்பீடு, படம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு ஊராட்சி அலுவலகத்தில் ஒன்றும் உங்கள் வீட்டில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஐப்பசியில் தேதியை மாற்றி மறுபடி கொடுங்கள்.