பொரியின் கண்

அன்புள்ள சார்,

எங்களுக்கு மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். அப்பா விவசாயி, நான் கல்லூரியில் கடைசி வருடம். திருச்சியில் ஒரு மீன் தொட்டிக் கடையில் பெரிய மீன்களுக்குத் தீனியாக விற்க வைத்திருந்த இரண்டு வெள்ளை எலிக்குட்டிகளை வாங்கி வந்து வளர்க்கிறேன். பொரி, கடலை என்று பெயர். ஒன்றரை வருடமாகிறது. போன சனிக்கிழமை ராத்திரி பொரியின் ஒரு கண் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. மூக்கோரம் ரத்தம் வேறு. ஞாயிற்றுக்கிழமை டாக்டர் யாரும் கிடைக்கவில்லை. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தபோது கொடுத்த சொட்டு மருந்து வீட்டில் மீதி இருந்தது, அதை விட்டுச் சமாளித்தேன். திங்கட்கிழமை போன இடத்தில் டாக்டர் சிரித்தார். செவ்வாய்க்கிழமை வேறொருவர் பார்த்துவிட்டு, கண்ணை எடுக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். “நான் எலியைக் கொல்ல செலவு பண்றேன், நீ எலியைக் காப்பாத்த செலவு பண்றியா” என்று கேட்ட அப்பா அதன் பிறகு என்னோடு பேசவில்லை. பிள்ளையாரின் வாகனம் என்று கும்பிடுகிறோம், வயலில் கொல்கிறோம். இந்த முரண்பாட்டைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும். விவசாயி வீட்டில் எலி வளர்ப்பது தவறா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறையே ஒரு வரியில் நின்றுவிட்டேன், அதை நீங்கள் ஏதோ போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கண்ணை எடுத்துவிடுங்கள். கருவிழிக்கு ரத்தக் குழாய் கிடையாது, கண்ணீரின் ஈரத்தில்தான் அது உயிரோடு இருக்கிறது. இமை மூடாத கண் சில மணி நேரத்திலேயே காய ஆரம்பித்துவிடும், பொரியின் கண் சனிக்கிழமை ராத்திரியிலிருந்து வெளியே இருக்கிறது. இனி அது பார்வைக்கு உதவாது, வலியை மட்டும்தான் கொடுக்கும். ஒற்றைக் கண்ணோடு எப்படிப் பிழைக்கும் என்று பயப்படாதீர்கள். எலிக்கு உலகம் மீசையிலும் மூக்கிலும் இருக்கிறது. அதுவும் சிவப்புக் கண் வெள்ளை எலிக்குப் பார்வை முதலிலிருந்தே மங்கல். மேஜை விளிம்பில் நின்றுகொண்டு தாவுவதற்கு முன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுமே, கவனித்திருக்கிறீர்களா? தூரத்தை அப்படித்தான் அளந்து பார்க்கிறது.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி பட்டினி போடச் சொல்லி யாராவது சொன்னால் டாக்டரிடம் திரும்பக் கேளுங்கள். நாய்க்கும் நமக்கும் வயிற்றைக் காலியாக வைப்பது மயக்கத்தில் வாந்தி வரக் கூடாது என்பதற்காக. எலியால் வாந்தி எடுக்கவே முடியாது, அந்தச் சின்ன உடம்பு பசியைத்தான் தாங்காது. மயக்கம் தெளியும்வரை உடம்பு சூடு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கூண்டில் மரத்தூளோ உமியோ போட்டிருந்தால் அள்ளிக் கொட்டிவிட்டு அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துப் போடுங்கள். சோற்றைக் குழைய வடித்துக் கொடுங்கள். கடலை வந்து தையலை நக்கிப் பிரிக்காமல் இருக்க, டாக்டர் சொல்லும் நாள் வரை பக்கத்துக் கூண்டில் வையுங்கள், ஒன்றையொன்று மோந்து பார்க்கிற தூரத்தில். வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். எலி சந்தோஷமாக இருந்தால் பல்லை நறநறவென்று அரைக்கும், அப்போது இரண்டு கண்ணும் உள்ளே வெளியே என்று துடிக்கும், பார்த்திருப்பீர்கள். தாடைத் தசை கண்ணுக்குப் பின்னால் அவ்வளவு ஒட்டிப் போகிறது. அதனால் பல்லின் வேரில் சீழ் கட்டினாலும் கண்ணை வெளியே தள்ளும், கண்ணுக்குப் பின்னால் கட்டி இருந்தாலும் தள்ளும். காரணம் தெரியாமல் கண்ணை மட்டும் எடுத்தால் பாதி வேலைதான் முடிந்ததாகும்.

மூக்கோரம் இருந்தது அநேகமாக ரத்தம் இல்லை. எலியின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டேரியன் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது, அதில் போர்பிரின் என்ற சிவப்பு நிறமி சுரக்கும். வலியிலும் பயத்திலும் நோயிலும் அது அதிகமாகி, கண்ணோரத்திலும் மூக்கிலும் காய்ந்த ரத்தம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

சரி, முரண்பாடு. பிள்ளையார் விஷயத்தை விட்டுவிடுங்கள், அதைப் பேசி யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. கும்பிட்டுவிட்டுத்தான் எங்கள் வீட்டிலும் கிட்டி வைத்தார்கள். மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டின தஞ்சாவூர்க் கிட்டி, சாயங்காலம் வரப்போரம் வைத்துவிட்டு விடியற்காலையில் போய் எடுப்பார்கள், எலிக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் வீட்டில் கிட்டிக்குள் வைத்த இரை பொரிதான். உங்கள் எலியின் பெயரைப் படித்ததும் எனக்கு அந்த வரப்புதான் ஞாபகம் வந்தது. நெல் பொதி கட்டுகிற சமயத்தில், கதிர் இன்னும் தாளுக்குள்ளேயே இருக்கும்போது, ஒரே ராத்திரியில் தூரோடு வெட்டிச் சாய்த்துவிட்டுப் போயிருக்கும், அதைக் காலையில் பார்க்கிற ஒரு விவசாயியின் முகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் அப்பா கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அவர் வயலில் வளை தோண்டுகிற எலி வேறு ஜாதி. பொரியின் வம்சம் நூறு வருடத்துக்கு மேலாக ஆய்வுக்கூடத்தில் மனுஷன் கையில் வளர்ந்தது, 1906-லேயே பிலடெல்பியாவில் விஸ்டார் நிறுவனத்தில் இதற்கென்று தனியாக ஒரு வம்சத்தைப் பெருக்கினார்கள். அதை உங்கள் வயலில் விட்டால் ஒரு ராத்திரி தாங்காது. அவர் வயலைக் காப்பாற்றுகிறார், நீங்கள் உங்களை நம்பிக் கூண்டில் இருக்கிற ஒரு உயிரைக் காப்பாற்றுகிறீர்கள். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம். செலவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அந்தச் சிரித்த டாக்டரைப் பற்றியும் சொல்ல ஒன்றுமில்லை, அடுத்த தடவை முயல் பார்க்கிற டாக்டரா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். “மீதி இருந்த சொட்டு மருந்தை விட்டுச் சமாளித்தேன்.”

ஏம்மா, படித்த பிள்ளைதானே நீங்கள்? கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கிற சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். புட்டியை எடுத்து அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், இதில் ஏதாவது ஒன்று இருக்கும். ஆபரேஷன் செய்த கண்ணில் வீக்கம் வடிய, ஒரு டாக்டர் பார்த்துப் பார்த்துக் குறைத்துக்கொண்டு வருகிற மருந்து அது. காய்ந்து கீறல் விழுந்த கருவிழியில் அதை விட்டால் புண் ஆறாது, உள்ளே போன கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. போதாததற்கு அது திறந்து எத்தனை மாதம் ஆகிறது? திறந்த புட்டியை 28 நாளில் தூக்கிப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் இல்லையென்றால் மருந்துக்கடையில் நார்மல் சலைன் இருந்திருக்கும், கண்ணீருக்குப் பதிலாக விடுகிற கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் சொட்டு இருந்திருக்கும். அதை அடிக்கடி விட்டு ஈரம் காயாமல் வைத்து, அழுத்தி உள்ளே தள்ளாமல், காலால் சொறியாதபடி துணியில் சுற்றிக் கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வீட்டில் செய்யக்கூடியது. வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் இன்றைக்கே டாக்டருக்கு போன் செய்து, என்ன மருந்து விட்டீர்கள், எத்தனை தடவை விட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். வலிக்கு அவர் மெலாக்சிகாம் மாதிரி ஏதாவது கொடுப்பார், ஸ்டீராய்டோடு அது சேரக் கூடாது.

நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றும். போன வாரம்தான் எங்கள் அத்தைக்குத் திதி கொடுத்தோம்.

அத்தை அப்பாவின் அக்கா, எங்களோடுதான் இருந்தார். நான் ஏழாவது படித்த வருடம், தை கடைசி, பொன்மணி நெல் அறுத்துக் களத்தில் கட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டு அடிக்கிறவருக்குப் பின்னால் அத்தை தாளை ஒதுக்கிக்கொண்டு நின்றபோது ஒரு நெல் தெறித்துக் கண்ணில் அடித்தது. ஒரே ஒரு நெல். கண்ணைக் கசக்கிக்கொண்டு முந்தானையால் ஒற்றிவிட்டு அன்றைக்குப் பொழுது சாயும்வரை வேலை பார்த்தார். ராத்திரி பக்கத்துத் தெருப் பாட்டி வந்து நாக்கால் துழாவி, சுணை ஏதோ வந்துவிட்டது என்று துப்பிக் காட்டினார். மறுநாள் பிள்ளை பெற்றிருந்த ஒரு அக்காவிடம் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். அடுத்த நாள் விளக்கெண்ணெய். கண் சிவந்து வீங்கி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் அத்தை கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். நாலாம் நாள் கடைத்தெருவுக்குப் போன அப்பா, கண் வலிக்கு என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தார்.

அந்த மருந்து கேட்டது. அதுதான் கொடுமை. ஒரே ராத்திரியில் சிவப்பு வடிந்தது, வலி பாதியாகக் குறைந்தது, அத்தை எழுந்து வாசல் தெளித்தார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. “நல்ல மருந்துப்பா” என்று அத்தையே சொன்னார். நாளைக்கு நாலு தடவை நான்தான் விட்டேன். அத்தை திண்ணையில் தலையைச் சாய்த்துக்கொள்வார், நான் கீழிமையை இழுத்துப் பிடித்து விடுவேன், குளிர்ச்சியாக இருக்கிறது என்பார். ஒரு வாரம் கழித்து அப்படி இமையை இழுத்தபோது கருவிழி நடுவில் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளையாக ஒன்றைப் பார்த்தேன். ஓரம் இறகு மாதிரி பிசிறு பிசிறாக இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “கண்ணுல பூ விழுந்துடுச்சு” என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். வண்டி வைத்துத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போவதற்குள் பூ விழி முழுக்கப் பரவி, கடைசியில் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று.

ரொம்ப வருடம் கழித்து, ஒரு கண் டாக்டர் நண்பரிடம் இதைச் சொன்னபோது அந்தப் பிசிறைப் பற்றித்தான் முதலில் கேட்டார். நெல்லும் தாளும் இலையும் பட்ட கண் காயத்தில் பூஞ்சை போய் உட்கார்ந்துகொள்ளும், நம் பக்கத்து விவசாய வேலைக்காரர்களுக்குக் கருவிழிப் புண் வர அது ஒரு பெரிய காரணம், அதற்கு நாட்டமைசின் என்று தனி மருந்து இருக்கிறது, ஸ்டீராய்டு விட்டால் சிவப்பையும் வலியையும் அமுக்கிவிட்டு அடியில் பூஞ்சையை வளர்த்துவிடும் என்றார். விழியில் ஒரு சாயச் சொட்டு விட்டு நீல விளக்கில் பார்த்தால் புண் பச்சையாக ஒளிருமாம், ஒரு நிமிட வேலைதான். அதைப் பார்க்காமல் எந்தக் கண்ணிலும் ஸ்டீராய்டு விடக் கூடாது என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மருந்தை விட்டது என் கை.

இன்றைக்கும் இது நின்றபாடில்லை. இப்போது களத்தில் கட்டடிக்க ஆள் இல்லை, மெஷின் அறுக்கிறது, ஆனால் அறுக்கும்போது மெஷினுக்குப் பின்னால் நிற்பவர்கள் கண்ணில் தூசியும் சுணையும் பறந்து விழுகின்றன. போன மாசி அறுப்பில் எங்கள் தெருப் பையன் ஒருவன், அவன் மாமியாருக்குக் கொடுத்த சொட்டு மருந்தை விட்டுக்கொண்டிருந்தான். புட்டியைப் பிடுங்கிக் கொல்லையில் எறிந்தேன். நாலு நாள் என்னோடு அவன் பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும், கண் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் சாமி மாடத்திலோ பிரிட்ஜ் கதவிலோ இப்படி ஒரு புட்டி இருக்கிறது. பாட்டிக்குக் கொடுத்தது பேரனுக்கு, பேரனுக்குக் கொடுத்தது கன்றுக்குட்டிக்கு, உங்கள் வீட்டில் எலிக்கு. அப்பாவின் புட்டியை இன்றைக்கே எடுத்துக் குப்பையில் போடுங்கள். இந்தக் கடிதத்தையும் அவரிடம் படித்துக் காட்டுங்கள், எலிக்காக இல்லை, அவர் அடுத்த அறுப்பில் வயலில் நிற்கப்போகிறவர்.

நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். துடிக்கிற ஒரு உயிரைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க சும்மா இருக்க யாராலும் முடியாது, ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றும். அத்தைக்கு நாங்கள் எல்லோரும் அப்படித்தான் ஏதாவது செய்தோம்.

அத்தை அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். முதல் சில மாதம் காபி ஆற்றும்போது டபரா ஒரு பக்கம், காபி ஒரு பக்கம். அப்புறம் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார், ஊற்றுவதற்கு முன் சொம்பின் விளிம்பை டம்ளர் விளிம்பில் “டிங்” என்று ஒரு தடவை தொட்டுக்கொள்வார். அந்தச் சத்தம் கேட்டால் காபி வருகிறது என்று எங்களுக்கு அர்த்தம். ஊசியில் நூல் கோர்க்கும்போதும், படி இறங்கும்போதும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல ஆட்டுவார். மேஜை விளிம்பில் பொரி ஆட்டுகிற மாதிரியேதான். யாராவது இடது பக்கமாக வந்து சத்தமில்லாமல் தோளைத் தொட்டால் மட்டும் தூக்கிவாரிப் போடும், அன்றைக்கு முழுக்க எரிச்சலாக இருப்பார். அதனால் நாங்கள் எல்லோரும் வலது பக்கம் உட்காரப் பழகிக்கொண்டோம்.

பொரியையும் இனிமேல் பார்வை இருக்கிற பக்கமாகத்தான் தூக்க வேண்டும், தொடுவதற்கு முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எந்தக் கண் என்று நீங்கள் எழுதவே இல்லை. ஆபரேஷன் முடிந்ததும் இரண்டு வரி எழுதுங்கள், இடதா வலதா என்று.