ரம்புத்தான் கிளையில் நத்தை தின்னும் பாம்பு: அடிக்கலாமா, விடலாமா?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட் பக்கம் காட்டை ஒட்டி எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. டுரியான், ரம்புத்தான் மரங்களுக்கு இடையில் கீரையும் மிளகாயும் போட்டிருக்கிறோம். நத்தைத் தொல்லை தாங்கவில்லை. போன வாரம் ராத்திரி டார்ச் அடித்தபோது ரம்புத்தான் கிளையில் பென்சில் தடிமனில் ஒரு பழுப்புப் பாம்பு. தலை மொக்கையாக, கண் பெரிதாக இருந்தது. வாயில் ஒரு நத்தை. வேலைக்கு வரும் அக்கா விரியன் என்று பயப்படுகிறார். அடித்துவிடலாமா? விட்டுவைத்தால் நத்தை குறையுமா?

பதில்: அடிக்காதீர்கள். வாயில் நத்தையோடு பார்த்தேன் என்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே வந்துவிட்டது. விரியன்கள் நத்தை தின்பதில்லை. நீங்கள் சொல்லும் மொக்கைத் தலையும் பெரிய கண்ணும் நத்தை தின்னிப் பாம்புகளுக்குப் பொருந்துகின்றன. இவற்றுக்கு விஷம் கிடையாது, கடிக்க வருவதும் அபூர்வம். தொந்தரவு செய்தால் பெரும்பாலும் சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான். ஆனாலும் படம் பார்க்காமல் இன்ன இனம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், நீங்களும் கையால் தொட வேண்டாம். உங்கள் வட்டாரத்தில் வாக்லர் குழிவிரியன் என்ற விஷப்பாம்பும் உண்டு. முக்கோணத் தலையோடு பகலெல்லாம் கிளையில் அசையாமல் கிடக்கும். அதன் குட்டிகள் பச்சை நிறத்தில் ஒல்லியாகவும் இருக்கும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அக்காவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு 999-ஐ அழையுங்கள்.

இந்தப் பாம்பு நத்தையை ஓட்டோடு விழுங்குவதில்லை. கீழ்த்தாடையின் இரு பக்கங்களையும் மாற்றி மாற்றி உள்ளே நுழைத்து, சதையை மட்டும் உருவி எடுக்கும். ஓடு உடையாமல் கீழே விழும். ஒரு நத்தை ஓட்டை எடுத்து, கூம்பு மேலேயும் வாய் உங்களைப் பார்த்தும் இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். அநேகமாக வாய் வலப்பக்கம்தான் இருக்கும். பெரும்பாலான நத்தைகள் வலம் சுருண்டவை. அதற்கேற்றபடி ஜப்பானின் இஷிகாகி, இரியோமோத்தே தீவுகளில் உள்ள இதன் உறவுக்காரப் பாம்புக்குக் கீழ்த்தாடையின் வலப்பக்கம் சராசரியாக 25 பல், இடப்பக்கம் 18 பல். இடம் சுருண்ட நத்தை கிடைத்தால் பாவம், திணறிப்போகும்!

மரத்தடியில் முழுசாகக் காலி ஓடுகள் கிடந்தால் பாம்பின் வேலையாக இருக்கலாம். நத்தை தானாகச் செத்தாலும் ஓடு முழுசாகத்தான் கிடக்கும் என்பதால், அதை வைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். ஓரம் கடித்து உடைந்த ஓடு என்றால் எலி.

சரி, நத்தை குறையுமா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. உங்கள் கீரையைத் தின்பது ஆப்பிரிக்கப் பெரு நத்தையாகத்தான் இருக்கும். அது ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடும்; வளர்ந்துவிட்டால் ஓடே நம் உள்ளங்கை அளவுக்கு வரும். அதை இந்தச் சின்னத் தலை என்ன செய்துவிட முடியும்? அதோடு இது மரத்தில் திரியும் பாம்பு, உங்கள் கீரையோ தரையில் இருக்கிறது. ஆகவே பாம்பு பாட்டுக்கு இருக்கட்டும், நத்தையை நீங்கள்தான் பொறுக்க வேண்டும்.

மழை விட்ட ராத்திரிகளில் எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு போங்கள். சாயங்காலமே பாத்தி ஓரத்தில் பப்பாளித் தோலையும் பழைய பலகையையும் போட்டுவைத்தால், நத்தைகள் அங்கே வந்து சேரும். விடிந்ததும் பலகையைத் திருப்பினால் மிச்சமும் கிடைக்கும். பொறுக்கியதை உப்புக் கரைத்த வாளியில் போட்டுக் கொன்று, ஆழமாகப் புதையுங்கள். உப்பைப் பாத்தியில் மட்டும் தூவிவிடாதீர்கள், மண் கெட்டுவிடும். கையுறை கட்டாயம்: எலியின் நுரையீரல் புழு இந்த நத்தைகளில் இருக்கும், அது மனிதருக்கு மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும். கீரையையும் ஒவ்வொரு இலையாகக் கழுவிச் சமையுங்கள்.

கடையில் நீலக் குருணையாக விற்கும் மெட்டால்டிஹைடை நான் சொல்ல மாட்டேன். அதில் தானியம் கலந்திருப்பதால் நாயும் கோழியும் தின்றுவிட்டுச் சாகும். மருந்து போட்டே ஆக வேண்டும் என்றால் இரும்பு பாஸ்பேட் குருணை கேட்டு வாங்குங்கள். வேலை செய்ய நாளாகும், ஆனால் நாய் கோழிக்கு அந்த அளவு ஆபத்தில்லை.

அப்புறம், காட்டோரத்துப் புதரை முழுக்க வழித்துவிடாதீர்கள். பாத்தியைச் சுற்றி நாலைந்து அடி மட்டும் சுத்தமாக இருந்தால் போதும். நத்தை பதுங்க இடம் குறையும், மரத்துப் பாம்புக்கும் இடைஞ்சல் இருக்காது.