வாசகர் கேள்வி – பதில்: விசேட தேவையுடைய பிள்ளையும் பெற்றோரின் ஓய்வும்

விசேட தேவையுடைய பிள்ளைகளின் குடும்பங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கே இம்முறை இப்பகுதி முழுவதும் ஒதுக்கப்பட்டுள்ளது. கடிதங்களைச் சுருக்கி, எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. மூளை முடக்குவாதமும் வலிப்பும் உண்டு. தானாக நிமிர்ந்து இருக்கமாட்டான், பேச்சும் இல்லை. கணவர் விடியவே மேசன் வேலைக்குப் போய்விடுவார். பகல் முழுவதும் நானும் பிள்ளையும்தான். அண்ணாவின் மகளுடைய சாமத்திய வீட்டுக்குக்கூட என்னால் போக முடியவில்லை. இலண்டனில் இருக்கும் என் தங்கை, அங்கே இப்படியான பிள்ளைகளைச் சில மணி நேரம் பார்த்துக்கொள்ளக் கவுன்சிலே ஒழுங்கு செய்கிறது என்கிறாள். இங்கே அப்படி ஏதும் உண்டா? பிள்ளையை மற்றவரிடம் விட்டுவிட்டுத் தாய் வெளியே போவது பாவம் என்று மாமி சொல்கிறார்.
– ஒரு தாய், சண்டிலிப்பாய்

பதில்: உங்கள் தங்கை சொல்வது உண்மை. இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின் கீழ் 2011இல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகள், விசேட தேவையுடைய பிள்ளைகளுக்குப் பகல்நேரப் பராமரிப்பு, இரவுநேரப் பராமரிப்பு, வீட்டுக்கு வெளியே கல்வி அல்லது பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள், மாலையிலும் வார இறுதியிலும் பாடசாலை விடுமுறையிலும் பராமரிப்பவருக்கான உதவி ஆகியவற்றை இயன்றவரை உள்ளூராட்சி அமைப்புகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சொல்கின்றன. அந்த விதிகளில் நான் மிகவும் மதிக்கும் பகுதி ஒன்று உண்டு. ஓய்வு கிடைக்காவிட்டால் இனி ஒரு நாளும் தாங்கமாட்டார் என்ற நிலைக்கு வந்த பெற்றோரை மட்டும் அவை கருத்தில் கொள்ளவில்லை. வீட்டு வேலையை முடிக்கவும், மற்றப் பிள்ளைகளைக் கவனிக்கவும், ஏதேனும் படிக்கவும் நேரம் கிடைத்தால் இன்னும் நன்றாகப் பிள்ளையைப் பார்ப்பார் என்ற நிலையில் உள்ள பெற்றோரையும் கருத்தில் கொள்ளச் சொல்கின்றன. அதாவது, நொடிந்து விழும்வரை காத்திருந்து ஒரு தாய் தன் களைப்பை நிரூபிக்க வேண்டியதில்லை.

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பற்றிப் பேசுகிறது. 2016 பெப்ரவரியில் நம் நாடு ஏற்று உறுதிப்படுத்திய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 28ஆவது உறுப்புரை, வறுமையில் வாழும் இத்தகைய குடும்பங்களுக்குப் பயிற்சி, ஆலோசனை, பண உதவி ஆகியவற்றோடு, பராமரிப்பவர் ஓய்வெடுக்கும் நேரத்துக்கான மாற்றுப் பராமரிப்பையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆகவே நீங்கள் சலுகை எதையும் கேட்கவில்லை. ஆனால் உங்கள் தங்கை வாழும் இடத்தைப்போல அரசே வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஒழுங்கு நம் யாழ்ப்பாண மாவட்டத்தில் வழமையில் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருப்பவற்றை ஒன்று சேர்த்துத்தான் உங்களுக்கான நேரத்தை உருவாக்க வேண்டியிருக்கிறது.

முதலில் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் பிள்ளையின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மாதாந்தக் கொடுப்பனவு, சக்கர நாற்காலி, விசேட இருக்கை போன்றவற்றுக்கு அந்தப் பதிவும் மருத்துவச் சான்றிதழும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் தேவைப்படும். கொடுப்பனவு கையில் வந்தால், அதில் ஒரு பங்கை உங்கள் உதவிக்கு வரும் ஒரு பெண்ணின் கூலியாக ஒதுக்குவது பிள்ளையின் பணத்தை எடுப்பதாகாது. அது பிள்ளைக்கான செலவுதான்.

அடுத்து பாடசாலையைப் பற்றி யோசியுங்கள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகக் கோண்டாவிலில் சிவபூமி பாடசாலை இயங்குகிறது. கேட்டல், பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கைதடி நவீல்ட் பாடசாலை நெடுங்காலமாக இருந்து வருகிறது. சில பொதுப் பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகளும் உண்டு. உங்கள் மகனின் உடல்நிலைக்கு எது பொருந்தும் என்பதை நேரில் போய்க் கேட்டுத்தான் அறிய முடியும். ஓரிடத்தில் மறுத்தால் வேறு எங்கே கேட்கலாம் என்பதையும் அவர்களிடமே விசாரியுங்கள். வாரத்தில் சில காலைகளேனும் பிள்ளை ஒரு வகுப்பில் இருந்தால், அந்நேரம் அவனுக்குக் கல்வியாகவும் உங்களுக்கு மூச்சுவிடும் நேரமாகவும் அமையும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, உங்கள் பிள்ளையைப் பார்க்கத் தெரிந்த இரண்டாவது ஒருவர் இந்த உலகில் இருப்பது. நாளைக்கு உங்களுக்கு டெங்கு வந்து வைத்தியசாலையில் படுத்தால் அவனுக்கு உணவூட்டப் போவது யார்? இதைக் கேட்டால் மாமியும் யோசிப்பார் என்று நம்புகிறேன். அவர் பாவம் என்று சொல்வதற்குள் பிள்ளைக்கு ஏதும் நேர்ந்துவிடுமோ என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு மருந்து பயிற்சிதான். மச்சாள், அயல்வீட்டு அக்கா, கூலிக்கு வரும் பெண் என்று யாராக இருந்தாலும், முதலில் நீங்கள் செய்வதை அவர் அருகிலிருந்து பார்க்கட்டும். பின்னர் அவர் செய்ய நீங்கள் பாருங்கள். அதன் பிறகு நீங்கள் அடுத்த அறையில் இருங்கள். கடைசியாகச் சந்தை வரை போய் வாருங்கள். மாமியைக் கூடவே இருக்கச் சொல்லுங்கள். தன் கண்முன்னே பேரன் பத்திரமாக இருப்பதைக் கண்டால் அவரே உங்களுக்குப் பக்கபலமாவார்.

சொல்லிக்கொடுக்க வேண்டியவற்றில் உணவூட்டல் முதலாவது. பிள்ளையைப் படுக்க வைத்து ஊட்டக்கூடாது; முதுகுக்கும் கழுத்துக்கும் அணைப்புக் கொடுத்து நிமிர்த்தி இருத்தி, நாடி சற்றுக் கீழ்நோக்கி இருக்க, சிறு கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். ஊட்டி முடிந்ததும் அரைமணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கட்டும். உணவின்போது அடிக்கடி இருமினாலோ, நெஞ்சுச் சளி திரும்பத் திரும்ப வந்தாலோ, வைத்தியசாலையில் பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து, வாய்க்குள் எதையும் திணிக்காமல், சாவிக்கொத்தைத் தேடி ஓடாமல், மணிக்கூட்டைப் பார்க்கவேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 1990 என்ற எண்ணை அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும், அது இலவசம். மருந்தின் பெயர், அளவு, நேரம், பிள்ளைக்குப் பிடித்த பாட்டு, எந்தப் பக்கம் சரித்தால் அழுகை நிற்கும் என்பன எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இன்று அவை உங்கள் மனத்தில் மட்டும் இருக்கின்றன.

இனி, இப்படி உங்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் வீட்டு வேலை செய்யாதீர்கள். நித்திரை கொள்ளுங்கள், கோயிலுக்குப் போங்கள், அண்ணா வீட்டுக்குப் போங்கள். உங்கள் நாரியும் ஒரு நாள் சோரும். ஒன்பது வயதுப் பிள்ளையை எப்படித் தூக்குவது, எப்படிக் கட்டிலிலிருந்து இருக்கைக்கு மாற்றுவது என்று இயன்மருத்துவரிடம் உங்களுக்காகவும் கேளுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது, ஓட்டிசம் உள்ளது. இரவில் நித்திரை கொள்ளமாட்டாள், கோபம் வந்தால் தன்னையே அடிப்பாள். மனைவி இப்போது யாருடனும் பேசுவதில்லை, ஒளித்திருந்து அழுகிறாள். ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடும்படி உறவினர் சொல்கின்றனர். என்ன செய்வது?
– ஒரு தந்தை, நெல்லியடி

பதில்: ஐயா, இங்கே இரண்டு பேருக்கு உதவி தேவைப்படுகிறது. அவசரம் உங்கள் மனைவியின் நிலையில்தான் இருக்கிறது. பேச்சு நின்றுபோவதும், மறைந்து அழுவதும், நீண்டகால நித்திரையின்மையும் மனச்சோர்வு நோயின் அடையாளங்களாக இருக்கலாம். அது குணப்படுத்தக்கூடிய நோய். பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கு அவரை அழைத்துச் சென்று, உளநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நீங்களும் கூடப் போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு எப்போதாவது வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணையும் கையில் வைத்திருங்கள். பேசி மனம் ஆற, யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை வழங்கும் சாந்திகம் போன்ற நிறுவனங்களும் உள்ளன.

மகளின் நித்திரையின்மைக்கும் தன்னை அடிப்பதற்கும் பின்னால் காரணம் இருக்கக்கூடும். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், மாதவிடாய் வயிற்றுவலி ஆகியவற்றைச் சொல்லத் தெரியாத பிள்ளை தன் உடம்பை அடித்துத்தான் காட்டும். எனவே முதலில் வைத்தியரிடம் உடல் பரிசோதனை செய்யுங்கள். அடிக்கும் நேரத்தையும், அதற்கு முன் நடந்ததையும் சில வாரங்கள் குறித்து வந்தால், வைத்தியர் காரணத்தைத் தேட அது மிகவும் உதவும்.

இரவை நீங்களும் மனைவியும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவருக்கு நித்திரை வேண்டும் என்பது சரி. ஆனால் பகல் முழுவதும் பிள்ளையோடு நிற்பதும் வேலைதான், அதற்கு விடுமுறையும் இல்லை. வாரத்தில் இரண்டு இரவுகளாவது முழுப் பொறுப்பையும் நீங்கள் எடுத்து, மனைவி அடுத்த அறையில், அல்லது அவருடைய அம்மா வீட்டில், விடியும்வரை தொடர்ந்து உறங்க வழி செய்யுங்கள்.

இல்லத்தைப் பற்றி என் கருத்து இதுதான்: களைப்பின் உச்சியில் நின்று நிரந்தர முடிவு எடுக்க வேண்டாம். குடும்பத்துக்குச் சில நாள் ஓய்வு தேவைப்படுவது வேறு. பிள்ளையை வீட்டிலிருந்து முற்றாகப் பிரிப்பது வேறு. முதலாவது கிடைக்காத காரணத்தால்தான் பல குடும்பங்கள் இரண்டாவதற்குத் தள்ளப்படுகின்றன. எந்த இல்லமானாலும் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தில் பதிவு பெற்றதா என்று விசாரியுங்கள். உங்கள் மகள் பெரியபிள்ளை. அவளைக் குளிப்பாட்டுவது யார், மாதவிடாய் நாள்களில் உடை மாற்றுவது யார், இரவில் அந்தக் கட்டடத்தில் தங்குவோர் யார் என்று நேருக்கு நேர் கேளுங்கள். அதற்குத் தயக்கமில்லாமல் பதில் சொல்லாத இடத்தில் ஒரு மணி நேரம்கூட விடாதீர்கள். முன்னறிவித்தல் இல்லாமல் பெற்றோர் வந்து பார்க்க அனுமதிக்காத இடத்தையும் அப்படியே தவிர்த்துவிடுங்கள். பிள்ளைக்குத் தீங்கு நடந்ததாகச் சந்தேகம் வந்தால் 1929 சிறுவர் உதவி எண்ணுக்கு அறிவிக்கலாம்.

கேள்வி: நான் உயர்தரம் படிக்கிறேன். தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். அம்மா வேலைக்குப் போகும் நாள்களில் நான் ரியூசனை விட்டுவிட்டு அவனோடு நிற்கிறேன். சில வேளை அவன்மேல் வெறுப்பாக வருகிறது, பிறகு என்னையே எனக்குப் பிடிப்பதில்லை.
– ஒரு மாணவி, உரும்பிராய்

பதில்: மகளே, உனக்கு வருவது களைப்பின் கோபம். தம்பிமேல் உனக்குப் பாசம் இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்கமாட்டாய். அம்மாவிடம் சண்டையாக இல்லாமல் ஒரு தாளில் எழுதிக் காட்டு: எந்த நாள் எந்தப் பாடம் தவறுகிறது, பரீட்சை எப்போது என்று. தம்பியோடு நீ நிற்கும் நேரம் எதுவென்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள், மிகுதி நேரத்துக்குச் சித்தியோ அயலவரோ வரட்டும். உன் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை: மூத்த பிள்ளை பொறுப்பானவள் என்பதற்காக அவளுடைய படிப்பு இரண்டாம் இடத்துக்குப் போகக்கூடாது. அவளோடு மட்டும் செலவிட வாரத்தில் சிறிது நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்துக்கு மண்டபம் உண்டு, கனடாவிலுள்ள ஊரவர்கள் பணமும் அனுப்புவார்கள். இப்படியான குடும்பங்களுக்கு நாங்கள் என்ன செய்யலாம்?
– நிலையச் செயலாளர், அராலி

பதில்: நீங்கள் இதைக் கேட்டதே எனக்குப் பெரிய நிறைவு. புலம்பெயர் உறவுகள் பிறந்தநாளுக்கும் ஆண்டுத் திவசத்துக்கும் இல்லங்களில் ஒரு வேளைச் சாப்பாடு கொடுக்கிறார்கள், சக்கர நாற்காலியும் வாங்கித் தருகிறார்கள். அவை நல்லவைதான். ஆனால் குடும்பங்களுக்கு இல்லாதது, தவறாமல் வரும் ஒரு ஆள். ஊரில் இரண்டு பெண்களைத் தெரிந்து, பயிற்சி கொடுத்து, ஒழுங்கான சம்பளம் கொடுக்க முடியுமா என்று கனடா உறவுகளிடம் கேளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வரும் அன்பளிப்பைவிட, சனிக்கிழமை தோறும் காலை ஒன்பது மணிக்கு மண்டபம் திறந்திருக்கும் என்ற உறுதி ஒரு தாய்க்குப் பெரிது.

சிறிதாகத் தொடங்குங்கள். நாலைந்து பிள்ளைகளோடு மூன்று மணி நேரம் போதும். முதல் மாதம் பெற்றோரும் மண்டபத்திலேயே இருக்கட்டும்; அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதே பாதி ஆறுதல். எந்த நேரமும் பிள்ளைகளோடு குறைந்தது இரு பெரியவர்கள் நிற்க வேண்டும், ஒருவர் தனியே ஒரு பிள்ளையுடன் அறைக்குள் இருக்கக்கூடாது. ஒவ்வொரு பிள்ளையின் மருந்து, ஒவ்வாமை, வலிப்பு விபரம், தொடர்புகொள்ள வேண்டியவர் ஆகியவற்றைப் பதிந்து வையுங்கள். பயிற்சிக்காக உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையை அணுகுங்கள்; எந்தெந்த வீட்டில் இப்படியான பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது குடும்பநல சுகாதார உத்தியோகத்தருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். தாயை நேரில் சந்தித்து அழைக்கவும் அவரே பொருத்தமானவர். பிள்ளையை வெளியே காட்டத் தயங்கும் வீடுகள் நம் ஊர்களில் இன்னும் உண்டு. உதவியின் படத்தை முகநூலில் போடாதீர்கள். பணம் தந்தவருக்கு விபரம் வேண்டுமானால் கணக்கறிக்கையை அனுப்புங்கள், பிள்ளையின் முகத்தை அனுப்ப வேண்டாம்.

பெயர்ப்பலகைக்கும் திறப்புவிழாவுக்கும் செலவழிக்கும் முன், மண்டபப் படிக்குப் பக்கத்தில் சாய்தளம் அமைக்க இடம் இருக்கிறதா, கழிப்பறை வாசலுக்குள் சக்கர நாற்காலி நுழையுமா, வளர்ந்த பிள்ளைக்குப் பம்பர்ஸ் மாற்ற மறைவான ஒரு கட்டில் போட முடியுமா என்று அளந்து பாருங்கள். அளவு நாடாவோடு ஒரு தாயையும் அழைத்துச் செல்லுங்கள். எது தடுக்கும் என்பதை உடனேயே சொல்லிவிடுவார்.