பறவைக் கணக்கெடுப்பால் அரசின் கொள்கை மாறுமா?

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஆண்டுதோறும் பறவைகளைக் கணக்கெடுப்பதால் அரசின் முடிவு ஏதேனும் மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறும், ஆனால் ஓராண்டுக் கணக்கால் மாறாது. வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் குளம் வறண்டு, நாரைகள் வேறிடம் தேடிப் போயிருக்கலாம். 2011 முதல் இங்கே நடந்துவருவதைப் போல, அதே குளங்களில் அதே பருவத்தில் தொடர்ந்து எடுத்த கணக்கை மழையளவோடும் நீர்மட்டத்தோடும் ஒப்பிட்டால்தான், காலநிலை மாற்றத்தின் விளைவையும் ஆக்கிரமிப்பின் விளைவையும் ஓரளவாவது பிரித்தறிய முடியும்.

இத்தகைய எண்களுக்குச் சட்டத்தின் வாசல் வரை செல்லும் வலு உண்டு. ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ராம்சர் உடன்படிக்கையில், ஒரு தளத்தைத் தேர்வதற்கான 9 அளவுகோல்களில் இரண்டு நீர்ப்பறவைகளின் எண்ணிக்கையையே கேட்கின்றன: வழக்கமாக 20,000 பறவைகள் தங்க வேண்டும், அல்லது ஓரினத்தின் தொகையில் 1 விழுக்காடாவது அங்கே இருக்க வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் 2021-இல் ராம்சர் தளமானது. அத்தகைய தளங்களில் ஆக்கிரமிப்பையும் கழிவு கொட்டுவதையும் 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் தடை செய்கின்றன.

பட்டியலில் இடம்பெறாத சிறு குளங்கள்தான் எனக்குப் பெருங்கவலை. தூர்வாரும்போது குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களை வெட்டிவிட்டால், தண்ணீர் நிறைந்தாலும் கூடு கட்ட இடமிராது. ஆகவே எந்த மரத்தில் எத்தனை கூடுகள் என்ற விவரம், ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே நீர்வளத் துறைப் பொறியாளரின் மேசைக்குச் சென்று சேர வேண்டும்.